யாங்கிச்சா: ஓதம் ஏறும் நேரம்

வாய் திறக்க இன்னும் நாற்பது நிமிடம்.
அதுவரை பாறைக்கு வெளியே
ரப்பர் படகை வட்டமடிக்க விடுகிறேன்.
பத்துப் பேர். பத்துச் சிவப்பு அங்கி.
ஒவ்வொரு கழுத்திலும் என் ஆண்டுச் சம்பளம்
லென்ஸாகத் தொங்குகிறது.

எரிமலை என்றால் எங்கே நெருப்பு
என்கிறார் மூன்றாம் வரிசைக்காரர், எழுந்து நின்று.
உட்காருங்கள் என்கிறேன்.
எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்
பாதி, உட்காருங்கள்.
மீதி, மெதுவாக.

கொதித்து, வெடித்து, தனக்குள்ளேயே சரிந்த மலை.
பிறகு ஒரு பக்கச் சுவர் உடைந்து
கடலைக் குடிக்கத் தொடங்கியிருக்கிறது.
ஓதம் ஏறினால் ஒரு படகு புகலாம்.
வற்றினால் முழங்காலளவு நீர், பல் பல்லாய்க் கல்.
ரேடியோவில் ருஸ்தாம்:
ரிம்மா, ஒன்பது பத்துக்குள் வெளியே வந்துவிடு.

இதோ, கறுப்புப் பாறையை நீர் விழுங்கிவிட்டது.
அதுதான் என் கடிகாரம்.
எஞ்சினைத் தூக்கி, மூச்சைப் பிடித்து, உள்ளே.

சட்டென்று காற்று இல்லை.
நான்கு பக்கமும் பச்சைச் சுவர் எழுந்து
மேகத்துக்குள் போய்விடுகிறது.
கரையோரக் கல்லிடுக்கில் ஆவி.
அழுகிய முட்டை வாடை.

முட்டை என்றதும்,
புடாபெஸ்டின் இலோனா அம்மாள்
அங்கிப் பையிலிருந்து ஒன்றை எடுக்கிறார். பச்சை முட்டை.
சமையல்காரனுக்கு என்ன கொடுத்தாரோ.
வெந்நீர் ஊற்றில் வேகவைத்து உண்பாராம்.
விதிப்படி நான் தடுக்க வேண்டும்.
தடுப்பதற்குள் நரி வந்துவிட்டது.

தோலுக்காக என்றோ யாரோ கொண்டுவந்து இறக்கி
விலை விழுந்ததும் விட்டுப்போன நரிகளின்
வாரிசு.
எங்கள் யாரையும் பொருட்படுத்தாமல்
முட்டையை உடையாமல் கவ்விக்கொண்டு
புல் மூடிய வட்டக் குழிக்குள் இறங்கியது.

அங்கே வீடுகள் இருந்தன.
ஐனுக்களின் அடுப்பு, ஐனுக்களின் தூக்கம்.
அவர்களை ஏற்றிப்போனதைப் பற்றி
நேற்றைய உரையில் ஒரே ஒரு படம் காட்டினார்கள்,
இனிப்பு வருவதற்குச் சற்று முன்.
என் பாட்டனையும் ஒரு கப்பல்தான் கொண்டுவந்தது,
கொரியாவிலிருந்து சஹாலின் கரிச் சுரங்கத்துக்கு.
திரும்பும் கப்பல் வரவில்லை.
யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு அந்தி.
முதலில் புகை என்றுதான் தோன்றும்,
மலை மறுபடி ஆரம்பித்துவிட்டதோ என்று.
புகை திரும்பும், கூராகும், குலையும்,
தலைக்கு மேல் துணியாய்க் கிழியும்.
கன்யூகா.
லட்சமோ, இரண்டோ; எண்ணுகிறவர்கள் எண்ணட்டும்.
நெற்றியில் முன்னோக்கி வளைந்த இறகுக் கொத்து,
வாக்கியத்தைப் பாதியில் விட்டுப்போன காற்புள்ளி.
நெருப்பு கேட்டவர் லென்ஸை மூடினார்.
வாயை மூட மறந்தார்.

இரவு பதினொன்றரை.
சாளரத் திரைகளை இறக்கச் சொல்லி
மூன்று முறை அறிவித்தாயிற்று.
நானூற்றுப் பன்னிரண்டாம் அறையில்
பேட்டரி சார்ஜ் போட
யாரோ ஒரு விளக்கு ஏற்ற,
போதும்.
மழைபோல் விழுந்தன என்று சொல்ல மாட்டேன்.
மழைக்கு எலும்பு இல்லை.

அட்டைப் பெட்டிகள் கொண்டுவந்தோம்.
ஒயின் வந்த பெட்டி, துவாலை வந்த பெட்டி.
ருஸ்தாம், நான்,
இரவு உடைமேல் சிவப்பு அங்கியோடு இலோனா அம்மாள்.
ஒவ்வொன்றாய் எடுத்து, இறக்கை மடித்து,
இருட்டுக்குள் வைத்து மூடினோம்.
அதன் பிடரியில் மூக்கை வைத்தால்
கமலா ஆரஞ்சு.
பொய்யில்லை. தோலை உரித்ததும் வருமே, அதே.
கொர்சாகோவில் அது புத்தாண்டின் வாசம்:
மீன் ஆலை தந்த பொட்டலத்தில்
ஆளுக்கு இரண்டு.

விடியலில் முப்பது பெட்டி திறந்தோம்.
இருபத்தாறு பறந்தன.
பயணிகளின் வில்லைப் பலகையில்
எல்லா எண்ணும் சரியாகத் திரும்பியிருந்தது.
ஒருவரும் குறையவில்லை.
அறிக்கையில் அதைத்தான் எழுதுவார்கள்.

இன்னொரு பெட்டி
இலோனா அம்மாளின் மடியில் இருந்தது.
உள்ளே சத்தமில்லை.
திறக்கட்டுமா என்றார்.

மெதுவாக, என்றேன்.